பல் வைத்தியரும் நாமும்

மும்பை மாநகரின் எல்லையில், தாணேவுக்கு முந்திய நிலையமாக அமைந்திருப்பது முலுண்ட். 1853-ஆம் ஆண்டு ஏப்ரலில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவ்வூர் நிலத்தைக் கடந்தே சென்றது. இன்று அங்கே மராத்தியரும் குஜராத்தியரும் பஞ்சாபியரும் மலையாளிகளும் தமிழரும் அடுத்தடுத்த கதவுகளில் குடியிருக்கின்றனர். மாதுங்காவையும் செம்பூரையும் போலத் தமிழ்க் குரல் தெருவெங்கும் கேட்கும் பகுதி அன்று அது. ஆயினும் மாடிக்கு மாடி ஒரு தமிழ்க் குடும்பத்தையேனும் காணலாம். நிலையத்திலிருந்து பாஞ்ச் ரஸ்தா வரையில் நடந்தால் பல் வைத்தியர்களின் பெயர்ப் பலகைகளும் கண்ணில் படும்.

அத்தகைய வைத்தியசாலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வைத்தியர் குஜராத்தியர், உதவியாளர் மராத்தியர், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்ப் பாட்டி. மூவரும் சந்திக்கும் மொழி, மூவருக்கும் தாய்மொழியல்லாத பம்பாய் ஹிந்தி. பாட்டிக்கு அதுவும் வாராதெனில் பள்ளிக்கூடம் செல்லும் பேரனோ பேத்தியோ துபாஷியாக வந்து நிற்கும். இவ்விடத்தில் பல்லின் வலி வைத்தியரைச் சென்றடைவதற்கு முன்னர் இரண்டு மொழிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தாண்டும்போது எது எஞ்சுகிறது, எது உதிர்ந்துவிடுகிறது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இதில் என்ன பெரிய சங்கடம், வாயைத் திறந்தால் சொத்தை தெரியப் போகிறது, எக்ஸ்ரே எடுத்தால் மிச்சமும் தெரியப் போகிறது என்று சிலர் எண்ணக்கூடும். எக்ஸ்ரே படத்தில் பல்லின் குழி தெரியும். வேர் நுனியில் எலும்பு கரைந்திருந்தால் அதுவும் தெரியும். வலி தெரியாது. பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த பற்கூழ் பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா, பிழைக்க முடியாத நிலையை அடைந்துவிட்டதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பதற்கு, தட்டியும் குளிர்ச்சி வைத்தும் பார்க்கும் சோதனைகளோடு, நோயாளியின் வாய்ச்சொல்லும் பெரிய ஆதாரமாகும். அச்சொல் தவறிப்போனால், ஒரு பூச்சோடு முடிய வேண்டிய பல்லுக்கு வேர்ச்சிகிச்சை நேரலாம். வேர்ச்சிகிச்சை தேவையான பல் வெறும் பூச்சோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, நள்ளிரவில் வீட்டாரையெல்லாம் எழுப்பலாம்.

பல்வலியைச் சொல்வதற்குத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. பல் கூசுகிறது என்கிறோம். சுருக்கென்று குத்துகிறது என்கிறோம். விண்விண்ணென்று தெறிக்கிறது, குடைகிறது, கடித்தால் நோகிறது, பல் உயர்ந்துவிட்டாற்போல இருக்கிறது என்றெல்லாம் சொல்லுகிறோம். இவை ஒரே பொருளைத் தரும் சொற்கள் அல்ல. வைத்தியரின் காதுக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய் நிலையின் பெயர் என்றே சொல்லிவிடலாம்.

குளிர்ந்த நீர் பட்டவுடன் பல் கூசி, நீரை விழுங்கிய சில விநாடிகளில் கூச்சம் அடங்கிவிட்டால், எனாமலுக்கு அடியிலுள்ள பகுதி வெளியே தெரியத் தொடங்கியிருக்கிறது என்றும், பற்கூழ் இன்னும் உயிரோடும் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய நிலையிலும் இருக்கிறது என்றும் கொள்வர். நீரை விழுங்கிய பின்னும் வலி பல நிமிஷங்கள் நீடித்தாலோ, ஒன்றும் படாமலே வந்தாலோ, இரவில் படுத்தவுடன் அதிகரித்தாலோ, பற்கூழின் வீக்கம் எல்லை கடந்துவிட்டது என்பதற்கு அறிகுறி. பல்லின் உட்குழி கடினமான சுவருக்குள் அடைபட்டது, வீங்குவதற்கு இடமில்லை. படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால் அந்த அடைப்பு இன்னும் இறுகுகிறது. விண்விண்ணென்று நாடியோடு சேர்ந்து தெறிப்பது இதனால்தான். சூடான காப்பி பட்டால் துடிப்பதும், குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டால் தணிவதும் நோய் முற்றியதன் அடையாளங்கள். பல் உயர்ந்துவிட்டாற்போலத் தோன்றி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும்போதே நோகுமானால், கிருமிகள் வேர் நுனியைக் கடந்து எலும்பை எட்டியிருக்கலாம்.

இத்தனை வேறுபாடும் அந்தப் பேரனின் வாயில் "தாத்தீக்குத் தர்த் ஹோதா ஹை" என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிப்போகிறது. குழந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹிந்தியில் விளையாட்டும் சண்டையும் அறிந்த பிள்ளைக்கு, பல்வலியின் நுட்பங்களை யார் கற்றுக் கொடுத்தார்? 'கூச்சம்' என்னும் சொல்லுக்கே தமிழில் நாணம் என்றொரு பொருளும் உண்டு. அதைப் பெயர்க்கத் தெரியாமல் பிள்ளை விழிப்பது இயல்பே. ஆனால் மாற்றுச் சொற்கள் இல்லாமலில்லை. பல் கூசுவதை மராத்தியில் 'சிவ்சிவ்' என்ற ஒலியோடு கூடிய சொல்லால் குறிப்பர். விண்விண்ணென்ற தெறிப்புக்கு 'டணகா' என்பர். ஹிந்தியில் 'தண்டா கரம் லக்தா ஹை' என்றால், குளிர்ச்சியும் சூடும் பல்லில் படுகின்றன என்று வைத்தியர் உடனே உணர்ந்துகொள்வார். மும்பையில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்துவிட்ட நம்மவர்கள் இந்த மூன்றையேனும் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இவையும் நினைவுக்கு வாராவிடில், சொல்லை விட்டுவிட்டுச் செய்தியைச் சொல்லலாம். எது பட்டால் வருகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது. இந்த நான்கும் எந்த மொழியிலும் கைவிரல்களாலும் கடிகாரத்தாலும் காட்டக்கூடியவை. தேர்ந்த வைத்தியர்கள் கேட்பதும் இவற்றைத்தான். "வலிக்கிறதா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளே கிடைக்கும். "நேற்று இரவு எப்படித் தூங்கினீர்கள்?" என்று கேட்டால் நோயின் கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

எந்தப் பல் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் அதன் கிளைகளே செல்லுகின்றன. ஆகையால் கீழ்க் கடைவாய்ப்பல்லின் நோயை மேல்பல்லின் நோயாகவும், சில வேளைகளில் காதுவலியாகவும் நாம் உணர்கிறோம். ஆனால் வலப்பக்கத்து வலி இடப்பக்கம் தாவுவது அரிது. "இந்தப் பல்தான், இதைப் பிடுங்கிவிடுங்கள்" என்று நோயாளி உறுதியாகச் சொல்லியும், வைத்தியர் அதற்கு எதிரே உள்ள பல்லைத் தட்டிப் பார்ப்பாரானால், அவர் நம் சொல்லை அலட்சியம் செய்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் நினைக்கவும் மாட்டோம்.

இதையொட்டி இன்னொன்று. ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளில் ஏறும்போது கீழ்த்தாடையில் வலி தோன்றி, சற்று நின்றால் மறைந்துவிடுகிறதென்றால் அது பல்லின் வலியாக இராமல் இருதயத்தின் வலியாக இருக்கலாம். இதைப் பல் வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொது வைத்தியரிடம் உடனே செல்லவும் வேண்டும். ஓய்ந்திருந்தும் அவ்வலி தணியாமல், வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்துவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

வலி தானாக நின்றுவிட்டதும் ஒரு செய்திதான் என்பதைப் பலர் அறிவதில்லை. பத்து நாள் துடித்த பல் ஒரு காலையில் அமைதியடைந்துவிட்டால், நம்மவர்கள் கிராம்புத் தைலத்துக்கும் குலதெய்வத்துக்கும் நன்றி சொல்லி, வைத்தியரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கிராம்புத் தைலத்தில் வலியை மரக்கச் செய்யும் யூஜினால் என்னும் சத்து உண்மையாகவே உண்டு. அதைக் குறைவாகப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால் துடித்த பல் திடீரென்று ஓய்ந்தால், பற்கூழ் செத்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். செத்த திசுவில் கிருமிகள் ஓசையின்றிப் பெருகும். சில வாரங்களிலோ மாதங்களிலோ ஈறு வீங்கிச் சீழ் வைக்கும். "முன்பு வலித்தது, இப்போது இல்லை" என்ற சொல்லை வைத்தியரிடம் சேர்ப்பித்தால் அந்தப் பல்லை இன்னும் காப்பாற்ற வழியுண்டு. அதுபோலவே, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வைத்தியரிடம் வருகிறவர் அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை நரம்பின் குரலை அடக்கிவிட்ட நேரத்தில் செய்யும் சோதனை வைத்தியரை ஏமாற்றும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின் மேலேயே வைத்துக்கொள்வோரும் உளர். அது ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்குமேயன்றிப் பல்லுக்கு ஒன்றும் செய்யாது.

'பல்லில் பூச்சி' என்று நாம் சொல்வதைக் கேட்டு இளம் வைத்தியர் சிலர் சிரிப்பதுண்டு. சிரிக்க வேண்டியதில்லை. ஹிந்தியிலும் 'கீடா' என்றே சொல்லுகிறார்கள்; மராத்தியில் சொத்தைப்பல்லின் பெயரே பூச்சியை உட்கொண்டது. பல்லைத் தின்பது புழு என்ற நம்பிக்கை உலகில் பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. பிரான்ஸ் தேசத்துப் பியேர் ஃபொஷார் என்னும் வைத்தியர் 1728-இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். சர்க்கரையையும் மாவையும் உண்ட கிருமிகள் உண்டாக்கும் அமிலமே எனாமலைக் கரைக்கிறது என்பதை அமெரிக்கரான மில்லர் 1890-இல் விளக்கினார். ஆகவே பூச்சி என்று சொல்லும் பாட்டியிடம், "பூச்சிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாதது, அதற்குத் தீனி, பற்களுக்கிடையே தங்கிய இனிப்பு" என்று சொல்லும் வைத்தியர் பாதி வைத்தியத்தைச் செய்துவிட்டவர் ஆகிறார்.

சிரித்துத் தள்ளக்கூடாத நம்பிக்கைகள் வேறும் உண்டு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்பது ஒன்று. பார்வை நரம்பும் பல்லின் நரம்பும் வேறு வேறு; பல்லை எடுப்பதால் பார்வை கெடுவதில்லை. பற்களைச் சுத்தம் செய்யும் 'ஸ்கேலிங்' சிகிச்சையால் பற்கள் ஆடத் தொடங்கும் என்பது மற்றொன்று. இதில் ஒரு கண்ணாரக் கண்ட உண்மை இருப்பதனாலேயே இது சாவதில்லை. பல்லடியில் காரை படிந்து எலும்பு முன்னமே தேய்ந்துபோயிருக்கும். அந்தக் காரைதான் பற்களைச் சுவர்போலச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை அகற்றியதும் இடைவெளி தெரிகிறது, ஆட்டமும் தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர் மேல் விழுகிறது. காரையை எடுக்கும் முன்னரே, கையில் கண்ணாடியைக் கொடுத்து, "இதை எடுத்த பின் இடைவெளி தெரியும்; சில நாள் கூசும்" என்று சொல்லிவிட்டால் இந்தப் பழி எழாது. பின்னால் சொல்லும் அதே வார்த்தை சமாதானமாகவே கேட்கும்.

இனிச் சொல்லப்போவது இவற்றிலெல்லாம் கனமானது. "தம்பாகூ காதே ஹோ?" என்று வைத்தியர் கேட்கிறார். பாட்டி இல்லையென்று தலையசைக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் புகையிலையைத் 'தின்பது' இல்லை. வெற்றிலையோடு ஒரு துணுக்கு அடக்கிக்கொள்கிறாள், அவ்வளவே. மகாராஷ்டிரத்துப் பெண்கள் பலர் புகையிலையை வறுத்துக் கரியாக்கிப் பொடித்த 'மிஷ்ரி'யால் பல் துலக்குகின்றனர். அதைப் பல்பொடி என்றே கருதுகின்றனர். மூக்குப்பொடியை ஈறில் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கங்களுக்கெல்லாம் புகையிலை என்ற பொதுப்பெயர் அவர்கள் மனத்தில் இல்லை. பாக்கு மட்டும் போடுகிறவரோ தம்மை இதில் சேர்த்தே எண்ணமாட்டார். ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது.

பாக்கு மெல்லுவோரின் கன்னத்து உட்தோல் வெளுத்து நார்போல் இறுகி, வாய் நாளடைவில் திறக்க முடியாமற்போகும் நோய் ஒன்று உண்டு. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி என்னும் வைத்தியர் இதை விவரித்து, இன்று வழங்கும் 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோஸிஸ்' என்ற பெயரையும் வைத்தார். இந்நோய் புற்றாக மாறக்கூடியது. ஆரம்பத்தில் இதற்கு வலியே இல்லை. காரம் பட்டால் எரியும், அவ்வளவுதான். "மிளகாய்ச் சட்னி ஒத்துக்கொள்வதில்லை" என்று அந்தப் பாட்டி மருமகளிடம் சொல்லியிருப்பாள். மருமகள் காரத்தைக் குறைத்துச் சமைத்திருப்பாள். வைத்தியரிடம் அந்த வாக்கியம் வந்து சேராது, ஏனெனில் அது பல்வலி அன்று. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து நெட்டாக மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பார்க்கலாம். பெரியவர்களுக்குப் பொதுவாக நுழையும். நுழையாவிடில் காட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையும், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டையும் அவ்வாறே காட்டிக்கொள்ள வேண்டும்.

மகாராஷ்டிர அரசு 2012-இல் குட்காவைத் தடை செய்தது. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலையைச் சேர்ப்பதை மத்திய அரசு 1992-இலேயே தடுத்தது. சட்டங்கள் கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்தும். வைத்தியரின் நாற்காலியில் நடக்கும் இரண்டு நிமிஷப் பேச்சை அவை செய்து தரமாட்டா. கேள்வி பொதுப்பெயரால் கேட்கப்படாமல், வெற்றிலை, பாக்கு, மிஷ்ரி, பொடி, பீடி என்று பெயர்பெயராகக் கேட்கப்பட வேண்டும். கேட்கிற குரலில் கண்டிப்பும் இருக்கக்கூடாது. மற்றொன்றையும் துணிந்து சொல்வோம். இந்தக் கேள்விக்குப் பேரன் துபாஷியாக இருக்கக்கூடாது. பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டியும் தன் பழக்கத்தை ஒப்புக்கொள்ளமாட்டாள். இளைஞனும் தன் தகப்பனார் எதிரே ஒப்புக்கொள்ளமாட்டான். வைத்தியசாலையில் தமிழ் அறிந்த உதவியாளர் இல்லையெனில், செம்பூரிலோ தாராவியிலோ உள்ள உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வைப்பதுகூட நல்லதே. அவர் நோயாளிக்கு வேண்டியவராகவும், வயதில் ஒத்தவராகவும், பெண்ணுக்குப் பெண்ணாகவும் இருப்பது மேல்.

பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாம் சொல்லாமல் விடும் மற்றச் செய்திகளில், இரத்தத்தை இளக்கும் மாத்திரை முக்கியமானது. அதைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்வது அபாயம். சொன்னால் நிறுத்தச் சொல்வாரே என்றஞ்சி, அல்லது பிறர் சொல்லக் கேட்டு, முந்திய நாளே தாமாக நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய அபாயமாகலாம். நீரிழிவு, கர்ப்பம், பெனிசிலின் ஒவ்வாமை, இருதய வால்வு மாற்றிய சிகிச்சை, எலும்புத் தேய்வுக்கு உண்ணும் மாத்திரை, போடும் ஊசி ஆகியவையும் சொல்ல வேண்டியவை. பெயர் நினைவிராதவர் மாத்திரை அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகலாம். மருந்தின் பெயருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

மற்ற வைத்தியத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே வேலை தொடங்கியவுடன் நோயாளி ஊமையாகிவிடுகிறார். அவர் பேசும் கருவியே வைத்தியரின் வேலைத்தலம். ஆகவே பேச வேண்டியவற்றை முன்னரே பேசி முடிக்க வேண்டும். நடுவில் பேசுவதற்கு ஓர் அடையாளமும் வகுத்துக்கொள்ள வேண்டும். இடக்கையை உயர்த்தினால் வேலையை நிறுத்துவது பல நாடுகளில் வழக்கம். பெரும்பாலான வைத்தியர்கள் வலப்பக்கம் அமர்வதால் இடக்கை தடையின்றி எழும்பும். இந்த ஒப்பந்தம் இருக்கிறது என்ற எண்ணமே பயத்தைப் பாதியாக்குகிறது. பயத்தை அளப்பதற்கு நார்மன் கோரா என்னும் அமெரிக்க உளநூலார் 1969-இல் நான்கு வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் உங்கள் மனம் எப்படியிருக்கும் என்பது போன்ற எளிய வினாக்கள்தாம் அவை. குழந்தைகளுக்கு முதலில் சொல்லுதல், பின்னர் காட்டுதல், அதன் பின்னரே செய்தல் என்ற முறையை அடெல்ஸ்டன் என்பவர் 1959-இல் வகுத்தார். மொழி தெரியாத பாட்டிக்கும் இம்முறை பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். கருவியைக் கையில் தொட்டுப் பார்க்கவிட்டால், மொழிபெயர்க்க வேண்டியது பெரிதும் குறைந்துவிடுகிறது.

மரக்கும் ஊசியைப் பற்றி ஒரு சொல். "வலியே இராது" என்று வைத்தியர் வாக்களிக்கிறார். ஊசி வலியை நீக்கும். அழுத்தத்தையும் அசைவையும் முற்றிலும் நீக்காது. பல்லை அசைக்கும்போது எழும் அந்த அழுத்தத்தை உணர்ந்த நோயாளி, "இராது என்றாரே!" என்று நம்பிக்கை இழந்துவிடுகிறார். "வலி இராது, அமுக்குவது தெரியும், குத்துவதுபோல் இருந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுகிறேன்" என்பதே உண்மையான வாக்கு. சீழ் பிடித்த இடத்தில் அம்மருந்து சரியாக வேலை செய்யாமற்போவதும் உண்டு. ஆகையால் வலிக்கிறது என்று சொல்வது கோழைத்தனமன்று, வைத்தியருக்கு வேண்டிய தகவல்.

மரியாதைச் சொற்களாலும் தடுமாற்றம் நேர்கிறது. பம்பாய் ஹிந்தியில் 'தும்' என்பது பெரியவர்களையும் விளித்துச் சொல்லும் சகஜமான சொல்லாகிவிட்டது. ஹிந்தியைப் பாடப் புத்தகத்தில் கற்ற தமிழ்ப் பெரியவருக்கு அது சுருக்கென்று தைக்கும். மறுபக்கத்தில், "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று நாம் தலையாட்டுவதை அவர் சம்மதமென்று எடுத்துக்கொள்கிறார். நம் 'சரி'க்குப் பல வேளைகளில் 'காதில் விழுந்தது' என்பதற்கு மேல் பொருளில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதோ நம்மிடையே மறுப்பின் நாகரிகமான உருவம். பெரும்பாலும் 'இவ்வளவு பணம் இல்லை' என்பது அதன் உட்பொருள். வைத்தியர் காத்திருக்கிறார், நோயாளி திரும்புவதில்லை, பல் போகிறது. பணத்தைப் பற்றிப் பேச நாணுவது நம் வழக்கம்தான். ஆனால் வேர்ச்சிகிச்சைக்கு எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு, மேலே உறை போடுவதற்குத் தனியாக எவ்வளவு, பிடுங்கினால் எவ்வளவு, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பது பேரமாகாது. முடியாதெனில் முடியாது என்று சொல்லிவிட்டால், பல் வைத்தியக் கல்லூரிகளுக்குப் போகும் வழியை அவரே காட்டக்கூடும். முலுண்டிலிருந்து ரயிலில் கடைசி நிலையம் வரை சென்றால், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. தாதரில் வண்டி மாறி மும்பை சென்ட்ரல் போனால் மாநகராட்சியின் நாயர் பல் வைத்தியக் கல்லூரி. மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். நேரம் அதிகமாகும், செலவு குறையும்.

சம்மதம் என்பதற்குச் சட்டத்திலும் பொருள் உண்டு. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரித்துரைத்தது. வழக்கு பல்லைப் பற்றியதன்று. ஆயினும் சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கியமான அபாயங்கள், மறுத்தால் விளைவது ஆகியவற்றை அறிந்த பின் தருவதே சம்மதம் என்றும், சோதித்துப் பார்க்கத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது என்றும் கூறிய அத்தீர்ப்பு எல்லா வைத்தியத்துக்கும் பொருந்தும். படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவது இதன் உட்கருத்தை நிறைவேற்றுமா என்பதை வைத்தியர்கள் சிந்திக்க வேண்டும்.

கடைசியாக, வீடு திரும்பிய பின். வைத்தியர்கள் சொல்லும் தகவல்களில் 40 முதல் 80 சதவிகிதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகின்றனர் என்று 2003-இல் கெஸல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தொகுத்து எழுதினார். கன்னம் மரத்து, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்கும் அறிவுரை எவ்வளவு நிற்கும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். பல் எடுத்த குழியில் உறையும் இரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. நம் வீடுகளிலோ, பல் எடுத்து வந்தவுடன் வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிக்கச் செய்வது பாட்டி வைத்தியம். முதல் 24 மணி நேரத்துக்குள் கொப்பளித்தாலும், அடிக்கடி காறித் துப்பினாலும் உறைந்த இரத்தம் கழன்றுபோய், எலும்பு வெளித்தெரிந்து, மூன்றாம் நாள் முதல் கடும் வலி உண்டாகலாம். வைத்தியர் "குல்லா மத் கர்னா" என்று சொல்லியிருப்பார். கொப்பளிக்காதே என்ற அச்சொற்றொடர் குல்லாயாக மாறி வீடு வந்து சேர்ந்திருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழியொன்று உண்டு. நாற்காலியை விட்டு இறங்குமுன், செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் நோயாளியோ உடன் வந்தவரோ திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். வைத்தியர் கேட்டுத் திருத்த வேண்டும். கைப்பேசியில் வைத்தியரின் குரலைப் பதிந்துகொள்ள அனுமதி கேட்கலாம். வீட்டில் ஹிந்தி அறிந்தவர் மாலையில் கேட்டுத் தமிழில் ஒரு தாளில் எழுதி, தண்ணீர்க் குடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடலாம். அத்தாளில் வைத்தியசாலையின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்த பின்னும் இரத்தம் நில்லாமல் வந்தால், இரவு எந்த நேரமானாலும் யாரை அழைப்பது என்று கேட்டு, அந்த எண்ணை எழுதிக்கொண்டு புறப்பட வேண்டும்.